குதிரையா தள்ளியது?

“குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம்” என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகின்றது. துன்பத்தின்மேல் துன்பம் வந்து சேருகின்றபோது அரைச் சிரிப்போடு இதனைச் சொல்லிக்கொள்கின்றோம். சற்றே உற்று நோக்கினால், மனித இயல்பு ஒன்று இதனுள் ஒளிந்திருப்பதைக் காணலாம். ஏறியவர் நாம், விழுந்தவர் நாம், பழி மட்டும் குதிரைக்கு! வாயில்லா விலங்கு மறுமொழி சொல்லாது என்கின்ற துணிவுதான் காரணம் போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாவலாசிரியர் மூவர் இப்பழியிலிருந்து குதிரையை விடுவித்திருக்கின்றனர். 1857-இல் நூலாக வெளிவந்த ஃப்ளோபேரின் ‘மேடம் பொவாரி’, 1871-72-இல் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’, 1875 முதல் 1877 வரை இதழில் தொடராக வந்த டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ ஆகிய மூன்றிலும் ஒரு குதிரைச் சவாரி வருகின்றது. மூன்றிலும் கணவன் ஒருவன், மனைவி ஒருத்தி, மூன்றாமவன் ஒருவனுடைய குதிரை. மூன்றிலும் அந்தச் சவாரிக்குப் பின் ஒரு குடும்பம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இவற்றுள் நம் வாசகர்களிடையே அதிகம் பேசப்படாத ‘மிடில்மார்ச்’ சவாரியையே இங்குச் சிறப்பாக ஆராய விழைகின்றோம். மற்ற இரண்டும் அதனைப் புரிந்துகொள்ளத் துணை நிற்கும்.

அனுப்பி வைத்தவரும் பார்த்திருந்தவரும்

ஃப்ளோபேரின் கதையில் கணவன் சார்ல்ஸ் ஒரு நாட்டுப்புற மருத்துவன். மனைவி எம்மாவின் உடல்நலம் குன்றியிருக்கின்றது. குதிரையேற்றம் அவளுக்கு நலம் தருமா என்று நிலக்கிழான் ரொடால்ஃப் கேட்கின்றான். மிக நல்லது என்று கணவன் மகிழ்ந்து தலையசைக்கின்றான். முதலில் எம்மாவே தயங்குகின்றாள். சவாரிக்குரிய உடை தன்னிடம் இல்லை என்கின்றாள். அவ்வுடையைத் தைக்கச் சொல்பவனும் கணவன்தான். தன் மனைவி ஆயத்தமாக இருப்பதாக ரொடால்ஃபுக்குக் கடிதம் எழுதுபவனும் அவன்தான். புறப்படும் வேளையில் ஊர் மருந்துக் கடைக்காரர், “கவனம், விபத்து எளிதில் நேர்ந்துவிடும்” என்ற பொருளில் எச்சரிக்கின்றார். குதிரைகள் இரண்டும் இடறவில்லை. யாரும் கீழே விழவில்லை. ஆனால், காட்டிலிருந்து திரும்பிய எம்மா வேறொருத்தி. அன்று மாலை அவள் முகத்தில் தெரிந்த பொலிவைக் கண்டு மனம் குளிர்ந்த சார்ல்ஸ், அவளுக்கென்றே ஒரு குதிரையை விலை பேசி வாங்கிவிட்டதாகவும் சொல்கின்றான். இலக்கியத்தில் இதைவிடத் துயரமான பரிசு வேறுண்டோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

டால்ஸ்டாயின் கதையில் நடப்பது தடை தாண்டும் பந்தயம். பதினேழு அதிகாரிகள் ஓடுகின்றனர்; தடைகள் ஒன்பது. பாதிக்கு மேற்பட்டோர் விழுந்து அடிபடுகின்றனர். முன்னணியில் சென்ற விரான்ஸ்கி, கடைசித் தடையைத் தாண்டியபோது, ஃப்ரூ-ஃப்ரூ என்னும் தன் குதிரையின் அசைவோடு ஒட்டாமல் சேணத்தில் பின்னோக்கி அமர்ந்துவிடுகின்றான். குதிரையின் முதுகெலும்பு முறிகின்றது. எழ இயலாத அந்த உயிரை அவன் தன் காலால் உதைக்கின்றான்; பின்னர் அது சுட்டுக் கொல்லப்படுகின்றது. தவறு தன்னுடையது என்பதை அவன் அறிவான். பார்வையாளர் மேடையில் இருந்த அன்னா தன்னை மறந்து கதறுகின்றாள். அருகிருந்த கணவன் கரீனின் மும்முறை தன் கையைத் தாங்கலாக நீட்டுகின்றான். வண்டியில் ஏறியதும் அவன் பேசுவது அவளுடைய நடத்தை பிறர் பார்வைக்குத் தகாததாக இருந்தது என்பது பற்றி. அவள் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்ன பின்னரும், வெளித்தோற்றமாவது காக்கப்பட வேண்டும் என்பதே அவன் கேட்கின்ற வரம்.

சார்ல்ஸ் எதையும் காணாமல் அனுப்பி வைத்தவன். கரீனின் எல்லாவற்றையும் கண்டும், கண்டதைப் பற்றிப் பேசத் தெரியாதவன். ‘மிடில்மார்ச்’ காட்டும் கணவனோ இவ்விருவரினும் அறிவிற் சிறந்தவன். மனைவியை உண்மையாக நேசித்தவன். அவன் சொன்னதும் சரியானது. அப்படியிருந்தும் அவன் வீட்டில்தான் ஒரு குழந்தை இறந்தது. ஆதலால் அக்கதையே நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்கின்றது.

ஒரு கண்ணாடியின் முன்

ஜார்ஜ் எலியட் என்பது மேரி ஆன் எவன்ஸ் என்னும் பெண்மணி வைத்துக்கொண்ட புனைபெயர். அவர் 1819-இல் பிறந்து 1880-இல் மறைந்தார். ‘மிடில்மார்ச்’ கதை, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கற்பனையாக அமைக்கப்பட்ட ஓர் ஊரில், 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்துக்குச் சற்று முந்திய ஆண்டுகளில் நடக்கின்றது. லண்டனிலும் எடின்பரோவிலும் பாரிசிலும் பயின்ற லிட்கேட் என்னும் இளம் மருத்துவன் அவ்வூருக்கு வருகின்றான். காய்ச்சல் நோயாளிகளுக்கான மருத்துவமனையை நடத்த வேண்டும், உடலின் மூலத் திசுவைக் கண்டறிய வேண்டும் என்பன அவன் கனவுகள். ஊர்த் தலைவரின் மகளும் பேரழகியுமான ரோஸமண்டை அவன் மணக்கின்றான். அவள் அம்மாவட்டத்தின் முதன்மையான பெண்கள் பள்ளியில் பயின்றவள். குதிரை வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்பதைக்கூடச் சிறப்புப் பாடமாகக் கற்பித்த பள்ளி அது என்று ஆசிரியர் மெல்லிய நகைப்போடு குறிக்கின்றார்.

ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தில் லிட்கேட்டின் உறவினனான கேப்டன் ஒருவன் விருந்தாளியாக வருகின்றான். பட்டம் பெற்ற பெரிய குடும்பத்துப் பிள்ளை, வெறும் பகட்டுக்காரன். ரோஸமண்ட் அப்போது கருவுற்றிருக்கின்றாள். தன்னிடமுள்ள சாம்பல் நிறக் குதிரை சாதுவானது, பெண்களைச் சுமக்கப் பழகியது என்று சொல்லி அவன் அவளைச் சவாரிக்கு அழைக்கின்றான். கணவனிடம் சொல்லாமலே அவள் ஒருமுறை சென்று வந்துவிடுகின்றாள். பின்னர் தானே அதனைச் சொல்கின்றாள், அடுத்த முறைக்கு இசைவு கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு.

லிட்கேட் திகைத்துப் போகின்றான். பழகாத குதிரையில் இந்நிலையில் ஏறலாமா என்று வெகுண்டு, இனிச் செல்லலாகாது என்று கண்டிப்பாகச் சொல்கின்றான். வீட்டுக்குள்ளும் விபத்து நேரலாமே என்கின்றாள் அவள். அது பேதைமைப் பேச்சு, உனக்காகத் தீர்மானிக்கத் தக்கவன் நானே, நான் சொன்னால் போதும் என்ற கருத்தில் அவன் விடை தருகின்றான். இவ்வுரையாடல் நடக்கின்றபோது அவள் கண்ணாடியின் முன் நின்று கூந்தலைச் சீர்செய்துகொண்டிருக்கின்றாள். பின்னலைச் சற்று முடிந்துவிடுமாறு கணவனையே கேட்கின்றாள். அவனும் முடிந்துவிட்டு, அவள் பிடரியில் முத்தமிடுகின்றான். கோபம் மட்டும் தணியவில்லை. கேப்டனிடம் தானே பேசப் போவதாகச் சொல்கின்றான். அது தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும், அதனைத் தன்னிடம் விட்டுவிடுவதாக வாக்களிக்க வேண்டும் என்கின்றாள் அவள். அவனும் வேண்டாவெறுப்பாக வாக்களிக்கின்றான். ஆக, வாக்குக் கொடுத்தவன் கணவன். மனைவி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இதனை ஆசிரியரே நமக்குச் சுட்டிக் காட்டுகின்றார்.

அடுத்த வாய்ப்பில் அவள் மீண்டும் செல்கின்றாள். பெரிய குடும்பத்துப் பிள்ளையோடு பக்கம் பக்கமாகக் குதிரையில் வருவதை ஊரார் காண வேண்டும் என்னும் ஆசையும் அதில் கலந்திருக்கின்றது. காட்டோரத்தில் யாரோ மரம் வெட்டுகின்றனர். மரம் சாய்ந்த பேரொலியில் அந்தச் சாதுவான குதிரை மிரள்கின்றது. அவள் அதனினும் மிரள்கின்றாள். இறுதியில் குழந்தையை இழக்கின்றாள்.

இவ்வளவையும் ஆசிரியர் சொல்வது ஒரே ஒரு வாக்கியத்தில்! அவள் கீழே விழுந்தாள் என்றுகூட அவர் எழுதவில்லை. குதிரை கெட்டது என்றும் சொல்லவில்லை. ‘சாது’ என்னும் சொல்லைக் குதிரையிடமிருந்து அவர் பறித்துக்கொள்ளவும் இல்லை. கண்ணாடியின் முன் நடந்த உரையாடலுக்குப் பல பத்திகள். காட்டோரத்து விபத்துக்கு ஒரு வாக்கியம். எது உண்மையான விபத்து என்று அவர் கருதினார் என்பதற்கு இந்த அளவே சான்று.

இருவர் பக்கமும் நின்று

லிட்கேட் சொன்னது சரியானதே. இன்றைய மருத்துவர்களும், விழுந்துவிடக்கூடும் என்பதனால், கருவுற்ற பெண்கள் குதிரையேற்றத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே அறிவுறுத்துகின்றனர். ஆயினும், சரியானதைச் சொல்வது ஒன்று. அதனை மற்றவர் தமதாக்கிக்கொள்ளும்படி சொல்வது இன்னொன்று. வியப்பு என்னவென்றால், நோயாளிகளிடம் பரிவோடு பேசத் தெரிந்த இம்மருத்துவன் மனைவியிடம் தீர்ப்பை மட்டுமே கூறுகின்றான். உன் உயிரையும் நம் குழந்தையின் உயிரையும் எண்ணி நான் அஞ்சுகின்றேன் என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கலாம். அச்சம் கோபத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வந்தது. அவள் கோபத்தைத்தான் கண்டாள். உள்ளிருந்த அச்சத்தைக் காணவில்லை.

ரோஸமண்டின் பிழையை நாம் மறைக்க முற்படவில்லை. அவள் மறைத்தாள்; ஏமாற்றினாள்; பகட்டுக்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தாள். அவள் குரல் உயர்த்துவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, ஆனால் நினைத்ததைச் செய்யாமல் விடுவதில்லை. இத்தகைய பிடிவாதத்தை நம் இல்லங்களிலும் நாம் அறிவோம். சண்டை போடுகின்றவர்களோடு சமாதானம் பேசலாம். புன்னகையோடு தலையசைத்துவிட்டுத் தம் வழியே போகின்றவர்களிடம் எதைப் பேசுவது?

இந்நாவலைப் படிப்போர் பலர் இவ்விடத்தில் நின்று ரோஸமண்டைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிடுகின்றனர். நாமும் முதல் வாசிப்பில் அவ்வாறே செய்தோம். மறுவாசிப்பில்தான் அத்தியாயத்தின் தொடக்கம் நம்மைத் தடுத்து நிறுத்தியது. விபத்தை விவரிக்கும் முன்பே, குழந்தை குறைமாதத்தில் பிறந்ததை ஆசிரியர் சொல்லிவிடுகின்றார். பூவேலை செய்த சின்னஞ்சிறு அங்கிகளும் குல்லாய்களும் இருளில் எடுத்து வைக்கப்பட வேண்டியதாயிற்று என்றும் சொல்கின்றார். அந்தப் பூவேலையைச் செய்தவர் யாரென்று அவர் சொல்லவில்லை. ஆனால், பிறக்கப் போகும் ஒன்றுக்காக ஒருவர் நாள் பல ஊசியும் நூலுமாய் இருந்தார் என்பது அதில் அடங்கியிருக்கின்றது. ஒரு தாயின் துயரத்துக்கு இந்நாவல் தருகின்ற இடம் இந்தத் துணிமணிகள் மட்டுமே.

அடுத்த வாக்கியமே பழியைப் பேசத் தொடங்குகின்றது. கணவன் சொல் கேளாமல் குதிரையேறியதே இத்துயரத்துக்கு முழுக் காரணமாகக் கருதப்பட்டது என்கின்றார் ஆசிரியர். ‘கருதப்பட்டது’ என்பதுதான் அவர் சொல். கருதியவர் யார்? கணவனா, பெற்றோரா, ஊராரா? அவர் சொல்லவில்லை. தாமே தீர்ப்பு வழங்கவும் இல்லை. எழுத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்த அறிஞர் அவர்; இச்சொல்லையும் எண்ணியே வைத்திருப்பார் என நம்புகின்றோம்.

குதிரையில் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இதுவே நேர்ந்திருக்கும் என்று ரோஸமண்ட் பிற்பாடு மென்மையாகவும் உறுதியாகவும் சொல்லி வருகின்றாள். அதனைக் கேட்கும் லிட்கேட் ‘பாவம், என் கண்ணே’ என்பது போல் ஏதோ சொல்லிவிட்டு, இவ்வளவு மென்மையானவளுக்குள் இப்படியொரு பிடிவாதமா என்று உள்ளுக்குள் மலைக்கின்றான். நாமும் அவன் கண்களாலேயே அவளைப் பார்க்கின்றோம். சற்றே நிதானித்தால் வேறொன்றும் தெரியும். குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. காரணமே தெரியாமற்போவதும் உண்டு என்று இன்றைய மருத்துவம் சொல்கின்றது. அது நிற்க. ‘ஆம், என் குழந்தையை நானே இழக்கச் செய்தேன்’ என்று ஒரு தாய் ஒப்புக்கொண்டால், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவள் எஞ்சிய நாள்களை எப்படிக் கழிப்பாள்? அவளோடு சேர்ந்து சுமக்க ஒருவர் இருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பாள். பழி கேட்கும் முகங்களே சுற்றிலும் இருந்தால், மறுப்பதே அவளுக்குக் கிடைத்த ஒரே கவசம்.

இறந்த அக்குழந்தைக்காக இருவரும் ஒன்றாய் அமர்ந்து அழுதார்கள் என்று ஒரு காட்சி நாவலில் இல்லை. காரணம் பேசப்பட்டது, துக்கம் பகிரப்படவில்லை. இதுவே இக்கதையின் ஆறாத காயம் என்பது நம் கருத்து.

ஒத்திகையும் நாடகமும்

ஆசிரியர் இச்சவாரியைக் கடன் தொல்லை வெளிப்படுகின்ற அதே அத்தியாயத்தில் வைத்திருப்பது தற்செயலன்று. வீட்டுப் பொருள்கள் வாங்கிய கடன் லிட்கேட்டின் கழுத்தை நெரிக்கின்றது. அவன் திட்டமிடுகின்றான், அவளுக்கு அறிவிக்கின்றான். அவள் எதிர்த்துப் பேசுவதில்லை. வீட்டை வேறொருவருக்கு விட அவன் செய்த ஏற்பாட்டை அவனறியாமல் நிறுத்திவிடுகின்றாள். பணம் கேட்டு அவன் பெரியப்பாவுக்கு இரகசியமாகக் கடிதம் எழுதுகின்றாள். அவரிடமிருந்து வந்த கடுமையான பதிலைப் படித்து அவமானப்பட்டவன் அவன். அதே கட்டளை, அதே மௌனம், அதே மறைவான செயல். குதிரைச் சவாரி ஒத்திகை. கடன் விவகாரம் நாடகம். முதல் விபத்துக்குப் பின் இருவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எப்படிக் கற்பார்கள்? அதனைப் பற்றி அவர்கள் பேசவேயில்லையே.

ஆனால், ரோஸமண்ட் மனம் திறக்கின்ற ஒரு நாளும் இந்நாவலில் வருகின்றது. எண்பத்தோராம் அத்தியாயத்தில் டோரதியா என்னும் இளம் விதவை அவளைக் காண வருகின்றாள். வந்தவள் குற்றம் சாட்டுவாள் என்று எண்ணி ரோஸமண்ட் தன்னை இறுக்கிக்கொண்டு நிற்கின்றாள். டோரதியாவோ, தன் உள்ளத்துப் புண்ணை மறைத்துக்கொண்டு, லிட்கேட்டின் நல்ல உள்ளத்தைப் பற்றியும் இல்லறத்தின் அருமை பற்றியும் ஒரு தோழியிடம் பேசுவது போலப் பேசுகின்றாள். அவளைச் சிறுபிள்ளையாக நடத்தவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. தன் சொந்த வலி குரலில் நடுங்குவதையும் அவளால் மறைக்க இயலவில்லை. கதை முழுவதும் தன்னலத்தையே பேணிய ரோஸமண்ட், அந்த ஒரு நாளில், தனக்கு நன்மை தராத ஓர் உண்மையைத் தானாகவே சொல்லி டோரதியாவின் வாழ்வைக் காப்பாற்றுகின்றாள். அவளுக்குள்ளும் அத்தகைய ஊற்று இருந்தது. அதனைத் தொட்ட விரல் கணவனுடையதாய் இல்லாமற்போனதே அவ்வீட்டின் துயரம்.

லிட்கேட் ஐம்பது வயதில் தொண்டை அழற்சி நோயால் இறக்கின்றான். மூலத் திசுவைத் தேடப் புறப்பட்டவன் கீல்வாதம் பற்றி நூல் எழுதி, செல்வந்தருக்கு மருத்துவம் பார்த்துப் பொருளீட்டினான். தன்னைத் தோல்வியுற்றவனாகவே எண்ணினான். கொலையுண்ட மனிதனின் மூளையை உண்டு செழித்த செடி என்று மனைவியை ஒருமுறை குறிப்பிட்டான். அவன் இறந்த பின் அவள் முதிய, வசதியான மருத்துவர் ஒருவரை மணந்து நலமாக வாழ்ந்தாள். இம்முடிவில் ஆசிரியர் ரோஸமண்டுக்குச் சற்றே கடுமை காட்டிவிட்டார் என்பதே நம் எண்ணம். டோரதியாவின் முன் ஒருநாள் திறந்த கதவை அவர் அதன்பின் இறுகச் சாத்திவிடுகின்றார். இருளில் வைக்கப்பட்ட அத்துணிமணிகளை எடுத்துப் பார்க்கின்ற ஒரு கணத்தையாவது அத்தாய்க்கு அவர் அளித்திருக்கலாம். இது நாவலின் பெருமையைக் குறைப்பதன்று. இத்துணை பரிவுடைய எழுத்தாளரிடம் இன்னும் சிறிது பரிவை நாம் எதிர்பார்ப்பதன் விளைவே.

மூன்று நாவல்களையும் மூடி வைத்துவிட்டுச் சிந்திக்கின்றோம். நம் வீட்டு முற்றங்களில் இன்று குதிரைகள் இல்லை. ஆயினும், தடுக்கப்பட்ட பயணங்களும், சொல்லாமற் சென்ற பயணங்களும், ‘அன்றே சொன்னேன், கேட்டாயா?’ என்னும் சொற்களும் நம்மிடையே குறைவின்றி இருக்கின்றன. துயரம் நேர்ந்த வீட்டுக்குள் நுழைகின்றபோது, ‘எப்படி நடந்தது?’ என்னும் வினாவையே நாம் முதலில் கேட்கின்றோம். அந்த வினாவுக்குள் ‘யாரால் நடந்தது?’ என்னும் இன்னொரு வினாவும் ஒளிந்திருக்கின்றது. அதற்கு விடை தேடுகின்ற விரைவில், அழ வேண்டிய நேரம் கடந்து போய்விடுகின்றது. இரண்டு பேர் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே துக்கம் காக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

சாம்பல் நிறக் குதிரை எந்தக் குழியையும் பறிக்கவில்லை. கண்ணாடியின் முன், பின்னலை முடிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அத்துணை அருகில் நின்றும், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை.